பொருளுக்குப் புறம்பான ஒரு ரயில்வே கேட்

விண்வெளி மசோதாவின் மீது பேச மண்டிக்காரர் எழுந்தபோது உறுப்பினர்களில் பாதிப் பேர் சாப்பிடப் போயிருந்தார்கள். மீதிப் பேர் சாப்பிட்டுவிட்டு வந்து, கண்ணை மூடி மசோதாவைப் பரிசீலித்துக்கொண்டிருந்தார்கள்.

"மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, விண்வெளி ரொம்ப உயரத்துல இருக்கு. அதை வரவேற்கிறேன். ராக்கெட் போற வழியில கேட்டு கிடையாது. அதையும் வரவேற்கிறேன். ஆனா எங்க ஊர்ல ஆஸ்பத்திரிக்குப் போற ரோட்டுல ஒரு ரயில்வே கேட்டு இருக்கு. சந்திரனுக்குக் கிளம்பினவன் போய் இறங்கிக் கொடி நட்டுடறான். எங்க ஊர் நோயாளி இன்னும் கேட்டுக்கு இந்தப் பக்கமே..."

மணி அடித்தது.

"உறுப்பினர் பொருளுக்குள் வர வேண்டும்" என்றார் அவைத் தலைவர்.

"வந்துட்டேங்க. ராக்கெட் நல்லா இருக்கட்டும்" என்று சொல்லி மண்டிக்காரர் உட்கார்ந்தார்.

மறுநாள் அச்சாகி வந்த அவைக் குறிப்பில் அவர் பேச்சு இப்படி இருந்தது: 'விண்வெளி உயரத்தில் இருப்பதை உறுப்பினர் வரவேற்றார். ராக்கெட்டை வாழ்த்தி அமர்ந்தார்.' கேட் இல்லை. நோயாளி இல்லை. சாக்கை அவிழ்த்துச் சரக்கைக் கொட்டிக்கொண்டு, சாக்கை மட்டும் மடித்துத் திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது.

வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஏலம் விடும் ஆளுக்கு விண்வெளியில் என்ன வேலை என்று கேட்கலாம். அவையின் வழக்கம் அப்படி. எந்தப் பொருளானாலும் கட்சிக்கு ஒருவர் பேசலாம். பெரிய கட்சிகளில் விண்வெளிக்கு ஒருவர், வெங்காயத்துக்கு ஒருவர் என்று ஆள் வைத்திருந்தார்கள். மண்டிக்காரரின் கட்சி எல்லாத் தொகுதியிலும் நின்று ஒரே தொகுதியில் ஜெயித்திருந்தது. கட்சியின் தலைவரே தோற்றுவிட்டு, ஜெயித்த இவர் முகத்தில் விழிக்கக் கூச்சப்பட்டு, பேசுவதை நிறுத்திவிட்டார். ஆக, கடல் முதல் ககனம் வரை எல்லாப் பொருளும் மண்டிக்காரர் தலையில் விழுந்தது. கடைசி ஆளாக, இரண்டு நிமிஷம்.

அவையில் கட்சிக்கு ஓர் அறை உண்டு. அவர் அறையில் நீள மேஜையும் அதைச் சுற்றிலும் நாற்காலிகளும் போட்டிருந்தார்கள். ஒரே நாற்காலியில் உட்கார்ந்தால் மற்றவை பூசணம் பிடித்துவிடும் என்று தினம் ஒன்றாக மாறி மாறி உட்காருவார். அவைக்குழுத் தலைவர் அவர்தான். கொறடாவும் அவர்தான். 'தவறாமல் அவைக்கு வரவும்' என்று கொறடாவாகக் கையெழுத்துப் போட்டு, உறுப்பினராகப் பெற்றுக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்கும் கையெழுத்துப் போடுவார். ஒருமுறை காய்ச்சல் வந்து விடுப்புக் கேட்டபோது, டாக்டர் சான்றிதழ் இல்லாமல் முடியாது என்று கொறடா எழுதிவிட்டார். விதி அப்படித்தான் சொல்லியது. காய்ச்சலோடு போய் உட்கார்ந்து பட்டுப்புழு வளர்ப்பை வரவேற்றுவிட்டு வந்தார்.

ஊரில் அவரை அனுப்பியது ஒரே காரியத்துக்கு. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி. நடுவில் கேட். சரக்கு ரயில்கள் சிக்னலுக்காக அந்த இடத்தில்தான் நின்று இளைப்பாறும். மண்டியில் அடிமாட்டு விலைக்குக் கேட்பவனைக்கூட நல்ல விலைக்கு ஏற்றிவிடுகிற வாய், அரசாங்கத்திடம் ஒரு சுரங்கப்பாதை கேட்டு வாங்காதா என்று நினைத்து ஓட்டுப் போட்டார்கள்.

அவருக்கும் அது சொந்தக் காரியம்தான். அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் கடையைச் சாத்திவிட்டன. வாரத்தில் மூன்று நாள் அந்த ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். இருப்பது ஒரே மெஷின். கேட்டில் மாட்டி நேரம் தவறினால் மெஷின் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவள் உடம்பில் விஷநீரைச் சுமந்துகொண்டு வீடு திரும்ப வேண்டும்.

கேட்டில் மாட்டிக்கொள்ளும் நாளில் ஆட்டோவில் உட்கார்ந்தபடி அவள் போன் செய்வாள். மண்டிக்காரர் தாழ்வாரத்துத் தூணுக்குப் பின்னால் போய் நின்று எடுப்பார்.

"கேட்டு போட்டுட்டாங்க."

"கூட்ஸா?"

"கூட்ஸுதான். பெட்டி பெட்டியாப் போய்க்கிட்டே இருக்கு. எங்க சித்தப்பா வாழ்த்திப் பேச எழுந்த மாதிரி, முடியவே மாட்டேங்குது."

"மூச்சு வாங்குதா?"

"வாங்குது, விடுது. நீங்க இன்னிக்கு எதைப் பத்திப் பேசினீங்க?"

"விண்வெளி."

"மொட்டை மாடியில துணி எடுக்க ஏறச் சொன்னா தலை சுத்துதும்பீங்க."

"அது ஏறணும். இது பேசறதுதானே."

"நம்ம கேட்டைச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"மணி அடிச்சாங்க."

"இங்கயும் அதான் அடிக்குது. சரி, தூக்கிட்டாங்க. வெச்சுடறேன்."

வீட்டில் இருக்கும்போது அவள் கூப்பிடுவதில்லை. அவள் தங்கச்சி துணைக்கு வந்திருந்தாள், டி.வி. இருந்தது, அடுப்பு இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து ஒரே கூரையின் கீழ் இருந்தபோதும் சாப்பாடு, சரக்கு வரவு தவிர இருவரும் பெரிதாகப் பேசியதில்லை. கேட் மூடியிருக்கும்போதுதான் அவளுக்குச் செய்ய வேறு வேலை இல்லாமல் போனது. அவருக்கோ அந்தத் தூண் பக்கம் தவிர அந்தப் பெரிய கட்டடத்தில் பேச வேறு இடம் இல்லை.

பேச்சிலிருந்து கேட்டை எடுப்பது யார் என்று விசாரித்துக்கொண்டு ஒருநாள் கீழ்த்தளத்துக்குப் போனார். குறிப்புப் பிரிவில் நரை விழுந்த ஓர் அம்மாள், மூக்குக்கண்ணாடியும் சிவப்புப் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தார். பொருளுக்குப் புறம்பானதை நீக்குவது அவர் வேலை. மண்டிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வியாபாரம் பேச ஆரம்பித்தார்.

"அம்மா, முழுசா வேணாம். கேட்டுங்கிற அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுடுங்க."

"ராக்கெட்டுக்கு நடுவுல ஒரு கேட்டு நின்னா, படிக்கிறவங்க ஏன்னு கேப்பாங்க சார்."

"கேக்கட்டுமே. அதுக்குத்தானே பேசறேன்."

"கேட்டா விளக்கக் குறிப்பு போடணும். அந்த விளக்கமும் பொருளுக்குப் புறம்பு. அதையும் நான்தான் நீக்கணும்."

"சரி, உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். 'தடுப்பு'ன்னு போட்டுக்கலாம்."

"விண்வெளியில தடுப்பு இருக்குன்னு அரசாங்கத்தைக் குறை சொன்ன மாதிரி ஆயிடும் சார். டீ சாப்பிடறீங்களா?"

டீ மட்டும் கிடைத்தது. இப்படி ஓர் ஆள் மண்டியில் இருந்தால் ஊரில் ஒரு பயலும் வெங்காயம் வாங்கியிருக்க முடியாது என்று வியந்துகொண்டே மண்டிக்காரர் படியேறினார்.

அதற்குப் பிறகு அவர் முறையை மாற்றினார். கேட்டைப் பொருளுக்குள்ளேயே வைத்துத் தைத்துவிடப் பார்த்தார். பழம்பொருள் பாதுகாப்பு மசோதாவில், எங்கள் கேட்டும் பழசுதான், பாதுகாப்பாக எடுத்துக்கொண்டுபோய் அருங்காட்சியகத்தில் வையுங்கள் என்றார். 'பழம்பொருள்களை எடுத்துக்கொண்டுபோக உறுப்பினர் ஆதரவு தெரிவித்தார்' என்று குறிப்பு வந்தது. தேனீ வளர்ப்பில், தேனீக்கு இறக்கை இருப்பதால் கேட் ஒரு பிரச்சினை இல்லை, என் மனைவிக்கு இல்லை என்றார். 'தேனீக்கு இறக்கை இருப்பதை உறுப்பினர் சுட்டிக்காட்டினார்.' முன்னாள் உறுப்பினர் ஒருவருக்கு இரங்கல் தெரிவித்தபோதுகூட விடவில்லை. "காலமானவர் ரொம்பப் பொறுமைசாலி. ஒருதடவை எங்க ஊருக்கு வந்தப்ப கேட்டுல அவ்வளவு நேரம் முகம் சுளிக்காம நின்னாரு" என்றார். 'காலமானவர் நின்றார்' என்று அவைக் குறிப்பில் பதிவாயிற்று.

ஆண்டு முடிவில் அவைச் செயலகம் ஒரு புள்ளிவிவரம் எடுத்தது. அதிகப் பொருள்களில் விவாதத்துக்குப் பங்களித்தவர் மண்டிக்காரர்தான். சால்வையும் கேடயமும் கொடுத்து அவைத் தலைவர் பாராட்டிப் பேசினார்.

"சில உறுப்பினர்கள் ஒரே பிரச்சினையைத் திரும்பத் திரும்பப் பேசி அவையின் நேரத்தை வீணாக்குகிறார்கள். இவர் அப்படியல்ல. நான் அவைக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தேன். கடலைப் பற்றிப் பேசியிருக்கிறார், வானத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். ஓரிடத்திலும் குறை சொல்லவில்லை. தன் தொகுதிக்கென்று எதையும் கேட்கவில்லை. இவர் பேசியதால் எந்த மசோதாவிலும் ஒரு காற்புள்ளிகூட இடம் மாறவில்லை. மக்களாட்சி முதிர்ந்துவிட்டது என்பதற்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்?"

மேஜைகளைத் தட்டினார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்களும் விழித்துத் தட்டினார்கள். அதோடு நிற்கவில்லை. அவைத் தலைவர் இல்லாத நேரத்தில் நாற்காலியில் அமரும் மாற்றுத் தலைவர்களில் ஒருவராகவும் மண்டிக்காரரை நியமித்தார்கள். எந்தக் கட்சியும் எதிர்க்கவில்லை. அவரை எதிர்க்கிற அளவுக்கு யாருக்கும் அவரைத் தெரியாது.

இதற்கிடையில் மனைவிக்கு இரண்டு தடவை மெஷின் தவறிப்போயிற்று. இன்னொரு தடவை தவறினால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டதாகத் தங்கச்சி போனில் அழுதாள். மண்டிக்காரர் ரயில்வே விவாதத்துக்காகக் காத்திருந்தார். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் கேட் பொருளுக்குள் வரும். அன்றைக்கு நீக்கவே முடியாது. பேசவேண்டியதைக் குளிக்கும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துவைத்திருந்தார்.

அன்று காலை அவைத் தலைவருக்குப் பல்வலி. துணைத் தலைவர் வெளிநாட்டு அவைகளில் பல்வலி வந்தால் என்ன செய்கிறார்கள் என்பது போன்ற விஷயங்களை ஆராயப் போயிருந்தார். மண்டிக்காரரைத் தலைமை நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். நாற்காலியில் இருப்பவர் விவாதத்தில் பேசக் கூடாது.

"ஐயா, இன்னிக்கு மட்டும் விட்டுடுங்க. எங்க கட்சி சார்பா நான் பேசணும்" என்று அவைத் தலைவரின் அறைக்குப் போய்க் கும்பிட்டார்.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டே அவைத் தலைவர் சொன்னார்: "உங்க கட்சியில வேற யாரையாவது பேசச் சொல்லுங்களேன். கொறடாகிட்டச் சொன்னா ஏற்பாடு பண்ணிடுவாரு."

மண்டிக்காரர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் எல்லார் தலையும் தெரிந்தது, முகங்கள் அவ்வளவாகத் தெரியவில்லை. பெரிய கட்சிகளின் ஆட்கள் ரயில் நிலையங்களில் ஒலிபெருக்கியின் குரல் இனிமையாக இருக்க வேண்டும் என்பது பற்றி வெகுநேரம் பேசினார்கள். இரண்டு தரப்பும் மோதிக்கொண்டு எதிர்க்கட்சி வெளியேறியது. ரயில்வே அமைச்சர் பதில் சொன்னார்.

"ரயில்கள் தாமதம் என்கிறார்கள். ரயில் அதன் நேரத்துக்குத்தான் வருகிறது; பயணிகள்தான் முன்கூட்டியே வந்துவிடுகிறார்கள். கேட் மூடியிருக்கிறது என்கிறார்கள். மூடிய கேட் எதைக் காட்டுகிறது? ரயில் ஓடுகிறது என்பதைக் காட்டுகிறது. கேட் எப்போதும் திறந்தே கிடக்கும் நாடு முன்னேறிய நாடா?"

அப்போது மண்டிக்காரரின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஆஸ்பத்திரி நாள். நாற்காலியில் இருப்பவர் போனைத் தொடக் கூடாது. அதிர்ந்து அடங்கியது. மறுபடி அதிர்ந்தது. ஒரு கையால் பையைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் அமைச்சரின் பேச்சு முடிந்ததற்கு மணி அடித்தார். நெஞ்சுக்கு மேல் அவள் இன்னும் கேட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

வாக்கெடுப்புக்குப் படிக்க வேண்டிய காகிதத்தை நீட்டினார்கள். மண்டிக்காரர் ஏலக் குரலில், மூச்சு விடாமல், தலை நிமிராமல் படித்தார். "ரயில்வே மானியக் கோரிக்கைகள் அனைத்தும் ஏற்கப்பட வேண்டும் என்பதும்..." காகிதம் அங்கே முடிந்துவிட்டது. குரல் முடியவில்லை. "...எங்கள் ஊர் ஆஸ்பத்திரி ரோட்டுக் கேட்டுக்குக் கீழே இந்த ஆண்டிலேயே சுரங்கப்பாதை போட வேண்டும் என்பதும் தீர்மானம். ஏற்போர் ஆம் என்க."

"ஆம்" என்று அவை முழங்கியது. அமைச்சரின் குரல்தான் எல்லாவற்றையும்விட உரக்கக் கேட்டது.

"மறுப்போர் இல்லை என்க."

யாரும் எதுவும் சொல்லவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

தூணுக்குப் பின்னால் ஓடிப்போய் மண்டிக்காரர் போனை எடுத்தார். மெஷின் கிடைத்துவிட்டது என்றாள் மனைவி. "எனக்கடுத்த ஆளும் வரலை. பாவம், அவரும் கேட்டுலதான் மாட்டி நின்னாரு, எனக்குப் பின்னாடி வண்டியில. நீங்க ஏன் எடுக்கல?"

"கொஞ்சம் வேலை இருந்துச்சு" என்றார்.

மாலையில் குறிப்புப் பிரிவு அம்மாள் கட்சி அறைக்கு வந்தார். கையில் ஒரு தாள்.

"சார், இதை நீக்கணும்."

"உங்களுக்குப் புதுசா? நீக்குங்களேன்."

"உறுப்பினர் பேசினா நான் நீக்கிடுவேன். நாற்காலியில இருந்து சொன்னதை நீக்க நாற்காலிதான் உத்தரவு போடணும். அந்த நேரத்துக்கு நாற்காலி நீங்கதான்."

"போடலைன்னா?"

"அவை ஏத்துக்கிட்ட தீர்மானம் சார். அரசாங்கம் செஞ்சுதான் ஆகணும்."

"இப்படி ஒரு விதி இருக்குன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க கேக்கல சார்" என்றார் அந்த அம்மாள். தாளைக் கையெழுத்து வாங்காமலே மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

அவர் போன சூட்டில் ரயில்வே அமைச்சர் வந்தார். கூப்பிடாமலே அறைக்கு அவ்வளவு பெரிய ஆள் வந்ததில்லை. மண்டிக்காரருக்கு எந்த நாற்காலியைக் காட்டுவது என்று தெரியவில்லை.

"என்ன அண்ணே, எல்லாரையும் 'ஆம்' சொல்ல வெச்சுட்டீங்க."

"நல்ல மனசோட சொன்னீங்க."

"எதுக்குச் சொல்றோம்னு தெரிஞ்சா சொன்னோம்?"

"அது எப்பவும் உள்ளதுதானே" என்றார் மண்டிக்காரர்.

அமைச்சர் ஒரு குழு போடுவதாகச் சொன்னார். மண்டிக்காரர் வேண்டாம் என்றார். ஆய்வு செய்வதாகச் சொன்னார். தண்டவாளம் இருக்கிற இடம் எல்லாருக்கும் தெரியும் என்றார். அடிக்கல் நாட்டுவதாகச் சொன்னார். "கல்லை ரோட்டு நடுவுல நட்டுட்டு அதுக்கும் ஒரு கேட்டு போடுவீங்க" என்றார்.

அமைச்சர் எழுந்து கதவு வரை போய்த் திரும்பினார். அங்கேயே மண்டிக்காரருக்குத் தெரிந்துவிட்டது. வாங்கப் போகிறவன்தான் வாசல் வரை போய்த் திரும்புவான்.

"பாதை போட்டுடறேன் அண்ணே. ஆனா அவை உத்தரவு போட்டு நான் செஞ்சதாக் குறிப்புல இருந்தா, நாளைக்கு நாற்காலியில ஏறறவன் எல்லாம் உத்தரவு போடுவான். நீங்க அதை நீக்கிடுங்க. என் சொந்த யோசனையா நான் அறிவிக்கிறேன்."

"முதல்ல வேலை உத்தரவு என் கைக்கு வரட்டும். அப்புறம் கையெழுத்து."

வந்தது, போட்டார். அந்த அவையில் அவர் சொல்லி நடந்த ஒரே காரியம் அவர் கையாலேயே நீக்கப்பட்டது. அந்த நாளின் குறிப்பில் அவரைப் பற்றி எஞ்சியது, 'தலைமை மணி அடித்தது' என்பது மட்டும்.

ஆண்டுக்குள் பாதை முடிந்தது. திறப்பு விழாவில், ஏழை நோயாளிகளை நினைத்துத் தூக்கம் வராமல் புரண்டபோது தனக்கு இந்த எண்ணம் உதித்ததாக அமைச்சர் கண்கலங்கினார். மண்டிக்காரரை அழைக்கவில்லை. அவர் கேட்டைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததாகக் குறிப்புகளில் எங்கும் இல்லையே.

ஆஸ்பத்திரி நாட்களில் மண்டிக்காரர் பழக்கத்தில் தூணுக்குப் பின்னால் போய் நிற்பார். போன் வராது. ஒருநாள் அவரே கூப்பிட்டார்.

"என்னங்க, இப்பத்தான் வண்டியில ஏறினேன், அதுக்குள்ள ஆஸ்பத்திரி வந்துருச்சு. படுக்கச் சொல்றாங்க."

"பாதை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. உள்ள போனா சிக்னல்தான் கிடைக்கல."

"கால் வீக்கம்?"

"வத்திருச்சு. நேரத்துக்குப் போயிடறேன்ல, நர்ஸம்மா இப்பல்லாம் சிரிச்சுப் பேசறாங்க. அப்புறம் பேசறேங்க."

மண்டியில் 'அப்புறம்' என்று சொல்லிப் போனவன் திரும்பி வந்ததில்லை. அதற்காக வருத்தப்படவும் அவருக்கு நியாயம் கிடைக்கவில்லை. கேட்ட சரக்கு, கேட்ட தரத்தில், பேசிய நாளில் வந்து இறங்கிவிட்டது. அவள் நன்றாக இருக்கிறாள். இதற்கு மேல் குறை சொல்கிற வியாபாரியை அவரே கடையை விட்டு இறக்கியிருப்பார்.

அந்த வாரம் பூங்கா இருக்கைகள் ஒழுங்குமுறை மசோதா வந்தது. கடைசி ஆளாக மண்டிக்காரர் எழுந்தார்.

"மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பூங்காவுல பெஞ்சு போடறது நல்லது. ஒரு பெஞ்சுல ரெண்டு பேர் உட்காரலாம்னு மசோதா சொல்லுது. வரவேற்கிறேன்."

சொல்லிவிட்டு நின்றார். மணி மேல் கையை வைத்துத் தயாராக இருந்த அவைத் தலைவர் அவரையே பார்த்தார். மண்டிக்காரருக்கு நேரம் நிறைய மிச்சம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டார்.

அறைக்குத் திரும்பி, அன்றைய முறைக்கான நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது கதவு தட்டப்பட்டது. குறிப்புப் பிரிவு அம்மாள்.

"வரலாமா சார்? கட்சிக் கூட்டம் ஏதும் நடக்குதா?"

"இப்பத்தான் ஏகமனதா முடிஞ்சுது. வாங்கம்மா. எதை நீக்கணும்?"

"ஒண்ணும் இல்லை சார். உங்க பேச்சுல நீக்க ஒண்ணுமே இல்லை. இதுவரைக்கும் அப்படி வந்ததே கிடையாது. உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு பார்க்க வந்தேன்." கதவருகிலேயே நின்றார். "உங்க வீட்டம்மா எப்படி இருக்காங்க? கொசு ஒழிப்பு மசோதாவுல தூக்கமே இல்லைன்னு சொன்னீங்க. அஞ்சல்தலையில ரெண்டு வாய் சாப்பிட்டாங்கன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் ஒரு தகவலும் இல்லை."

மண்டிக்காரர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "அதெல்லாம் நீங்க படிச்சீங்களா?"

"படிக்காம எப்படி சார் நீக்கறது?"

மண்டிக்காரர் எழுந்து பக்கத்து நாற்காலியை மேஜையிலிருந்து இழுத்துவிட்டார். ரொம்ப நாளாக நகராத நாற்காலி, தரையைக் கீறிக்கொண்டு வந்தது. அந்த அம்மாள் உட்கார்ந்தார்.

"அவ நல்லா இருக்காம்மா. பாதை வந்ததுல இருந்து நல்லா இருக்கா. போன்தான்..." கண் பழக்கத்தில், அவையில் மணி இருக்கும் பக்கமாகப் போய்த் திரும்பியது. "விடுங்க. இதெல்லாம் பொருளுக்குப் புறம்பு."

அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"நீங்க பேசுங்க சார். நீக்கறதுக்கு நான் இருக்கேன்ல."